ரோட்டுக் காரை மாற்றுவதா, ரேஸ் காரையே வாங்குவதா?

சிங்கப்பூர் மரினா பேயில் எஃப்1 இரவுப் பந்தயம் முடிந்த கையோடு ஊபி, காக்கி புக்கிட், சின் மிங் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு கேள்வி கிளம்பிவிடும்: "அண்ணே, என் காரை டிராக்குக்கு ஏத்த மாதிரி பண்ண எவ்வளவு ஆகும்?" கேட்பவரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கும்: டொயோட்டா ஜிஆர்86, அல்லது ஜிஆர் யாரிஸ், ஹோண்டா சிவிக் டைப் ஆர். பட்டறைக்காரர் ஒரு தொகை சொல்வார். அதில் பொய் இருக்காது. ஆனால் அந்தப் பணத்துக்கு, பந்தயத்துக்கென்றே செய்த ஒரு காரை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ ஓட்ட முடியாதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால் அவரும் சொல்வதில்லை.

இந்தப் பக்கம் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன் என்பதால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் பணத்தை அதிகம் தின்பது, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்கும் கார்தான்: காலையில் அலுவலகத்துக்கும் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் செப்பாங் பந்தயப் பாதையிலும் பறக்க வேண்டும் என்று பாதி மாற்றிய கார். ஏன் என்பதற்குக் கொஞ்சம் விதி, கொஞ்சம் வரி, நிறைய சூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

ஸ்போர்ட்ஸ் கார் நம்பர் பிளேட் உள்ள வேகமான கார். ஏசி, ஏர்பேக், ஒலித்தடுப்புப் பஞ்சு, பின்னிருக்கை எல்லாம் அதில் உண்டு. மழையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடவும், பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேட்டில் ஏறி இறங்கவும் அது தயாராக இருக்க வேண்டும். ரேஸ் காருக்கு இந்தக் கவலைகள் கிடையாது. ஒரு இருக்கை, அதைச் சுற்றி எஃகுக் குழாய்க் கூண்டு, தீயணைப்புக் கருவி, வெறும் தகடாக நிற்கும் கதவு. சட்டப்படி அது சாலையில் ஓட முடியாது.

இரண்டையும் ஒப்பிட வசதியான ஜோடி ஒன்று இருக்கிறது. ஹோண்டா சிவிக் டைப் ஆர் ரோட்டுக் காராகவும் விற்கப்படுகிறது. 2015-இல் தொடங்கிய டிசிஆர் எனும் பந்தய வகைக்காக அதே காரின் ரேஸ் வடிவமும் உண்டு. ரோட்டுக் கார் சுமார் 320 குதிரைத்திறன், எடை 1,400 கிலோவுக்கு மேல். டிசிஆர் கார் சுமார் 350 குதிரைத்திறன். அந்த வகையின் அடிப்படைக் குறைந்தபட்ச எடை, ஓட்டுநரையும் சேர்த்து, 1,265 கிலோ. எஞ்சின் பலத்தில் பத்து சதவீதம்கூட வித்தியாசமில்லை, பாருங்கள். ஆனால் டிராக்கில் ஒன்றை இன்னொன்று நெருங்கவே முடியாது. அந்த இடைவெளி முழுவதும் குறைந்த எடையிலும், வரிகளே இல்லாத வழுக்கை டயரிலும் (அதைத்தான் ஸ்லிக் என்கிறார்கள்), பெரிய பிரேக்கிலும், கூண்டு தரும் விறைப்பிலும், காரைத் தரையோடு அழுத்தும் இறக்கையிலும் இருக்கிறது.

நம் ஆட்கள் காரில் கைவைக்கும் வரிசையோ இதற்கு நேர் எதிர். முதலில் எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்), அப்புறம் ரிம், பிறகு எஞ்சின் கம்ப்யூட்டரில் டியூனிங். பிரேக் கடைசியில், அதுவும் பணம் மிஞ்சினால். எக்ஸாஸ்ட் மாற்றினால் முதலில் கூடுவது சத்தம்தான். ராத்திரி பதினொரு மணிக்கு வீவக அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் அதைக் கேட்கும் மூன்றாம் மாடிக்காரர் லேப் நேரத்தை (டிராக்கில் ஒரு சுற்று முடிக்க ஆகும் நேரம்) பற்றி யோசிக்கப் போவதில்லை.

பாதிப் பணம் காகிதத்துக்கு

வேறு ஊர்களில் இந்தக் கேள்வி வெறும் பொறியியல் கேள்வி. இங்கே அப்படி இல்லை. 1,600 சிசிக்கு மேல், அல்லது 97 கிலோவாட் திறனுக்கு மேல் இருக்கும் பெட்ரோல் கார், வாகன உரிமைச் சான்றிதழில் பி பிரிவுக்குப் போய்விடும். ஜிஆர் யாரிஸின் எஞ்சின் 1.6 லிட்டர்தான்; ஆனால் திறன் ஏறக்குறைய இரு மடங்கு என்பதால் அதுவும் பி. 2023 அக்டோபரில் அந்தப் பிரிவின் சான்றிதழ் 150,001 வெள்ளியைத் தொட்டது. கார் அல்ல, காரை வைத்திருக்கும் உரிமை மட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் திறந்த சந்தை மதிப்பு, அதாவது வரிக்கு முந்தைய இறக்குமதி விலை, 35,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மீது 20 சதவீதச் சுங்கவரி 7,000. இரண்டும் சேர்ந்த 42,000-க்கு 9 சதவீத ஜிஎஸ்டி 3,780. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000-க்கு நூறு சதவீதம், அடுத்த 20,000-க்கு 140 சதவீதம்; ஆக 20,000-உம் 21,000-உம் சேர்ந்து 41,000. இதுவரை 86,780 வெள்ளி. சான்றிதழ் ஒரு லட்சம் என்று பிடித்தாலும், விற்பவரின் லாபத்துக்கு முன்பே 186,780. இதில் இரும்பும் ரப்பரும் எஞ்சினும் 35,000 மட்டுமே. மீதி முழுக்க வரியும் உரிமையும்.

போதாததற்கு, அந்த உரிமைக்குப் பத்தாண்டு ஆயுள். அதன்பின் காரைப் பதிவுநீக்க வேண்டும், அல்லது சான்றிதழின் அப்போதைய சராசரிச் சந்தை விலையைக் கட்டி ஐந்தோ பத்தோ ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். பதிவுநீக்கும்போது கிடைக்கும் தள்ளுபடி, நீங்கள் ஆரம்பத்தில் கட்டிய பதிவுக் கட்டணத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நீங்கள் ஆசையாகப் போட்ட சஸ்பென்ஷனுக்கும் இருக்கைக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. மறுவிற்பனையிலும் அதே கதை: மாற்றிய காரை வாங்க வருபவர் "யார் கை வைத்தது, எப்படி ஓட்டினார்களோ" என்று விலையைக் குறைத்தே கேட்பார்.

ஆகவே காரியக்காரர்கள் கழற்றிய கம்பெனிப் பாகங்களைப் பத்திரமாக வைத்து, விற்கும்போது திரும்ப மாட்டிவிடுவார்கள். வைப்பதற்கு இடம்? வீட்டிலிருக்கும் பாம் ஷெல்டர் (வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை). நான்கு டயரும் ஒரு எக்ஸாஸ்ட்டும் உள்ளே போனபின் அரிசி மூட்டை எங்கே என்ற கேள்விக்கு நீங்கள்தான் வீட்டில் பதில் சொல்ல வேண்டும்.

விதி பற்றிச் சுருக்கமாக. மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி வேண்டியவை, அறவே கூடாதவை. ரிம் மாற்றுவது முதல் வகை. எக்ஸாஸ்ட், எஞ்சின் மாற்றம் போன்றவை இரண்டாம் வகை. காருக்கு மூன்று வயதானபின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்து வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் கழற்றி, பின்னால் மாட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு முறை பட்டறைக் கூலி, நடுவில் போலீசிடம் மாட்டினால் அபராதம், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும் அபாயம். சொல்லாமல் செய்த மாற்றம் காப்பீட்டில் எப்போதுமே வம்பு. சாதாரண மோட்டார் காப்பீடு டிராக்கில் நடக்கும் சேதத்தைப் பொதுவாக ஏற்பதும் இல்லை.

ஓட்ட இடம்?

1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. காட்டோரச் சாலையையே மூடி, சுமார் 4.8 கிலோமீட்டர் சுற்றில் பந்தயக் கார்களையும் சலூன் கார்களையும் மோட்டார்சைக்கிள்களையும் ஓட்டினார்கள். பழைய அப்பர் தாம்சன் சாலையில் இன்றும் நடந்து போனால் வளைவுகளைப் பார்க்கலாம். சாங்கியில் நிரந்தர டிராக் ஒன்று கட்ட 2010-இல் ஒப்பந்தம் கொடுக்கப்பட்டு, 2012-இல் ரத்தானது. மரினா பேயோ எஃப்1 வாரம் முடிந்ததும் மறுபடி பேருந்து ஓடும் சாலை.

எனவே நமக்கு டிராக் என்றால் பெரும்பாலும் மலேசியா, அதிலும் செப்பாங். கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 1999-இல் திறந்தது, 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். 2017 வரை எஃப்1 அங்கே ஓடியது.

ரோட்டுக் காருக்கு இங்கேதான் ஒரு பெரிய அனுகூலம்: அதை ஓட்டிக்கொண்டே போகலாம். எல்லையைத் தாண்டும்போது முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும், மலேசிய வாகன நுழைவு அனுமதி இருக்க வேண்டும், அந்தப் பக்கம் ரான் 95 பெட்ரோல் போடக் கூடாது, அவ்வளவுதான். ரேஸ் கார் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைச் சொந்தச் சக்கரத்தில் தாண்டாது. லாரி, ஓட்டுநர், சுங்கத்துக்குத் தற்காலிக ஏற்றுமதி ஆவணம் எல்லாம் வேண்டும். அதனால் ரேஸ் கார் வைத்திருக்கும் சிங்கப்பூர்க்காரர்கள் பலர் அதை மலேசியப் பட்டறையிலேயே வைத்துப் பராமரிக்கிறார்கள். கார் அங்கே இருப்பதால் இங்கே சான்றிதழும் வேண்டாம், சாலை வரியும் வேண்டாம். மேலே பார்த்த ஒரு லட்சம் வெள்ளி அப்படியே மிச்சம். ரேஸ் கார் பணக்காரர் பொழுதுபோக்கு என்று மேலோட்டமாகச் சொல்பவர்கள் இந்த மிச்சத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சூடு

ரோட்டுக் காரை டிராக்கில் கொல்வது சூடு. பிரேக்கின் வேலை, ஓடும் காரின் ஆற்றலைச் சூடாக மாற்றுவது. அந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. 1,400 கிலோ கார் ஒன்று பிஐஇ விரைவுச்சாலையில் 90-இலிருந்து 60-க்கு வேகத்தைக் குறைத்தால் பிரேக்குகளுக்குப் போவது சுமார் கால் மெகாஜூல். அதே கார் செப்பாங்கின் பின்பக்க நேர்ப்பாதை முடிவில் 200-இலிருந்து 70-க்கு இறங்கி 15-ஆம் வளைவில் திரும்பும்போது சுமார் 1.9 மெகாஜூல். ஏறக்குறைய எட்டு மடங்கு. ஆறப் போதிய நேரமும் கிடையாது. திரும்பியவுடன் முன்பக்க நேர்ப்பாதை, அதன் முடிவில் முதல் வளைவு, மறுபடி முழு பிரேக்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 தரத்துக்கான குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக ஊற்றும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி சேரும். குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. நீங்கள் பெடலை மிதிக்கிறீர்கள், அது தரைவரை இறங்குகிறது, கார் நிற்கவில்லை. முதன்முறை டிராக்குக்குப் போகிறவரைப் பயமுறுத்துவது பெரும்பாலும் இதுதான். இதைத் தவிர்க்கும் வழி மலிவானது: போகும் முன் உயர்கொதிநிலைப் பிரேக் எண்ணெயைப் புதிதாக ஊற்றி, சூடு தாங்கும் பிரேக் பேடு போடுவது. எந்த எக்ஸாஸ்ட்டையும்விட இது உங்கள் லேப் நேரத்தைக் குறைக்கும், ஏனென்றால் மூன்றாவது சுற்றிலும் நம்பி மிதிக்கலாம்.

ஆனால் நடுவில் நிற்கும் காரின் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கடும் ரேஸ் பேடு, குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது, கிறீச்சிடும், டிஸ்கைத் தேய்க்கும். காலையில் டோ பாயோவில் சிவப்பு விளக்குக்கு நிற்க அது உதவாது. சஸ்பென்ஷனும் அப்படியே. டிராக்குக்காகச் சக்கரத்தின் மேல்முனையை உள்பக்கம் நன்றாகச் சாய்த்துவிட்டால் வளைவில் டயர் முழுதாகப் பதியும். அதே சாய்வோடு தினமும் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து, வெளிப்பக்கம் புதிதாக இருக்கும்போதே தூக்கிப் போட வேண்டியிருக்கும். எஞ்சின் எண்ணெயும் ஒரு தலைவலி. நீண்ட வேகமான வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும்; உறிஞ்சும் குழாய்க்கு எட்டாமல் போனால் பேரிங் வறண்டுவிடும். ரோட்டில் அந்த வேகத்தில் அவ்வளவு நேரம் யாரும் திரும்புவதில்லை என்பதால் பல ரோட்டுக் கார்களுக்கு இதற்கான ஏற்பாடு கிடையாது. செமி ஸ்லிக் (பாதி வழுக்கை) டயர் போட்டுப் பிடிமானத்தைக் கூட்டக் கூட்ட, இந்த ஆபத்தும் கூடும்.

ஒன்றை மாற்றினால் அடுத்தது பலவீனமாகத் தெரியும். டயர் மாற்றினால் சஸ்பென்ஷன், அது முடிந்தால் இருக்கை, இருக்கை முடிந்தால் எண்ணெய் குளிர்விப்பான். கடைசியில் ரேஸ் கார் விலையைக் கட்டியிருப்பீர்கள்; கையில் ரேஸ் கார் இருக்காது.

கூண்டு

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது இது. ரேஸ் கார் படங்களைப் பார்த்துவிட்டு, ரோட்டுக் காருக்கும் கூண்டும் நான்குமுனை பெல்ட்டும் வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ரேஸ் காரில் கூண்டு உயிரைக் காக்கிறது, ஓட்டுநர் தலையில் ஹெல்மெட் இருப்பதால். ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் எஃகுக் குழாய் இருந்தால், பக்கவாட்டில் ஒரு சாதாரண மோதல் போதும். தோள்களைக் கட்டிப் பிடிக்கும் பெல்ட்டும் அப்படியே. உடல் நின்றுவிடும், தலை முன்னால் போகும், கழுத்து தாங்காது. பந்தயத்தில் அதற்காகத்தான் ஹெல்மெட்டோடு இணைக்கும் ஹான்ஸ் எனும் கழுத்துக் காப்பு இருக்கிறது. எஃப்1 அதை 2003-இல் கட்டாயமாக்கியது.

கம்பெனி கொடுத்த மூன்றுமுனை பெல்ட், ஏர்பேக், இருக்கை மூன்றும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துச் செய்தவை. கூண்டு, ஆறுமுனை பெல்ட், ரேஸ் இருக்கை, ஹெல்மெட், ஹான்ஸ் என்பது இன்னொரு கூட்டு. இரண்டிலிருந்தும் பாதிப் பாதி எடுத்துக் கலந்தால் இரண்டுமே காப்பாற்றாது. தோற்றத்துக்காகக் கூண்டு கேட்பவரிடம், வேண்டாம் என்று சொல்லும் பட்டறையை நம்புங்கள்.

ரேஸ் காரும் சும்மா இல்லை

சான்றிதழ் மிச்சம் என்றதும் ரேஸ் கார் மலிவு என்று தோன்றிவிடக் கூடாது. அதன் ஆயுளைக் கிலோமீட்டரில் எண்ணுவதில்லை, மணியில் எண்ணுவார்கள். போர்ஷ 911 ஜிடி3 கப் என்பது ஒரே மாதிரிக் கார்கள் போட்டியிடும் பந்தயங்களுக்காகச் செய்யப்படும் கார். அதன் 992 எனும் தலைமுறை அறிமுகமானபோது வரிக்கு முன் 225,000 யூரோ. அதன் எஞ்சினுக்கு 100 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பெரிய பராமரிப்பு வேண்டும் என்று போர்ஷ அப்போது பெருமையாகச் சொன்னது. தினம் ஒரு மணி நேரம் வேலைக்கு ஓட்டிப் போகிறவருக்கு அது மூன்று மாதத்துச் சமாச்சாரம். அதுவும் ரேஸ் கார் உலகில் முரட்டு உழைப்பாளி என்று பெயரெடுத்த கார். அதைவிட அடிக்கடி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரிக்க வேண்டிய கார்கள் உண்டு.

எஃப்ஐஏ எனும் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பின் முத்திரை பதித்த இருக்கைக்கும் பெல்ட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு, பொதுவாக ஐந்து ஆண்டு. ஒரு கீறல் இல்லாவிட்டாலும் போட்டிக்கான சோதனையில் தள்ளிவிடுவார்கள். ஸ்லிக் டயரைச் சூடேற்றத் தெரியாதவருக்கு முதல் இரண்டு சுற்று பனிக்கட்டிமேல் போவதுபோல இருக்கும். மழை வந்தால் வேறு டயர் வேண்டும், செப்பாங்கில் மழை மத்தியானத்துக்கு மேல் கேட்காமலே வரும். மெக்கானிக் இல்லாமல் தனியாளாகப் போய் ஓட்டிவிட்டு வர முடியாது.

வாங்குவது என்று முடிவெடுத்தால், புதிதாகக் கட்டாமல் இன்னொருவர் கட்டி ஓட்டிய காரை வாங்குவது புத்திசாலித்தனம். கட்டியவர் போட்ட காசில் பெரும்பகுதி திரும்பாது. அந்த நஷ்டம் உங்கள் லாபம். மலேசியாவில் டொயோட்டா வியோஸ் போன்ற சிறிய கார்களில் ஓடும் பந்தயங்கள் இருப்பதால், டயரும் பாகமும் எந்தக் கடையிலும் கிடைக்கும் சின்ன ரேஸ் கார்களும் கைமாறுகின்றன. பெயர் கேட்டால் யாரும் வாய் பிளக்க மாட்டார்கள். ஆனால் தொடங்குகிறவருக்கு அதுதான் நல்ல கார்: பலம் குறைவு, பிழை செய்தால் செலவும் குறைவு.

அப்படியானால் எங்கே தொடங்குவது?

ஏற்கெனவே ரோட்டுக் கார் இருந்தால் அதை ஏறக்குறைய கம்பெனி நிலையிலேயே வையுங்கள். பிரேக் எண்ணெய், பேடு, நல்ல டயர், புது எஞ்சின் எண்ணெய், சரியான ஹெல்மெட். மிஞ்சும் பணத்தை டிராக் நாள் கட்டணத்துக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் பயிற்சியாளருக்கும் போடுங்கள். சுற்று ஓட்டிவிட்டு வந்ததும் உடனே நிறுத்திக் கைப்பிரேக் இழுக்காதீர்கள். ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட்டு வாருங்கள். கார் உங்களைத் தடுக்கிறது என்று பயிற்சியாளர் சொல்லும்வரை வேறெதையும் மாற்ற வேண்டாம். நீங்களே சொல்லிக்கொண்டால் கணக்கில் வராது.

அந்தக் கட்டம் வந்ததும் நான் பட்டறைக்குப் போகச் சொல்ல மாட்டேன். செப்பாங்கில் ரேஸ் காரை ஒரு நாளுக்கு வாடகைக்குத் தரும் குழுக்கள் இருக்கின்றன. கார், டயர், மெக்கானிக் எல்லாம் அவர்களுடையது; நீங்கள் ஹெல்மெட்டோடு பேருந்தில்கூடப் போய் இறங்கலாம். ஒரு நாள் வாடகை கேட்க அதிகமாகத் தோன்றும். ஆண்டுக்கு எத்தனை நாள் உண்மையிலேயே லீவு கிடைக்கும், வீட்டில் விடுவார்கள் என்று எண்ணி, அந்த எண்ணால் பெருக்கிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு வரும் தொகை, சொந்தக் காரின் லாரி வாடகையும் பட்டறை வாடகையும் எஞ்சின் வேலையும் சேர்ந்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

வாடகைக்கு எடுக்கும்போது விலையைவிட முக்கியமாக ஒன்றைக் கேளுங்கள்: மோதினால் நான் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும்? சில குழுக்கள் ஒரு உச்சவரம்பு சொல்லி முன்பணம் வாங்கும். சில குழுக்களில் கார் முழுவதுமே உங்கள் பொறுப்பு. எஞ்சின் தானாகப் பழுதானால் யார் கணக்கு, கியரைத் தவறாகப் போட்டு எஞ்சினை எகிறவிட்டால் யார் கணக்கு என்பதும் தெரிய வேண்டும். காரிலிருக்கும் பதிவுக்கருவி இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். வாய்வார்த்தையாக "பார்த்துக்கலாம் அண்ணே" என்றால் விட்டுவிடாதீர்கள். ரிங்கிட்டில் தொகையோடு, கையெழுத்தோடு, காரில் ஏறும் முன் வாங்கிக்கொள்ளுங்கள்.